எலும்புக்குப் புதுத் துணி



இந்த வீடியோ எப்பவாவது உங்க ரீல்ஸ்ல வந்திருக்கலாம். செம்மண் மேடு, பித்தளை வாத்தியங்கள் முழங்குது, ஒரு பெரிய கூட்டம் துணி சுத்தின நீளமான மூட்டைகளைத் தோள்ல வச்சுக்கிட்டு ஆடுது. மூட்டைக்குள்ள இருப்பது பல வருஷத்துக்கு முன்னாடி இறந்துபோன அவங்க சொந்தக்காரங்க. கமெண்ட்ல பாதிப் பேர் "பயமா இருக்கு"ன்னு எழுதியிருப்பாங்க, மீதிப் பேர் சிரிக்கிற எமோஜி போட்டிருப்பாங்க.

அந்த இடம் மடகாஸ்கர். அந்தச் சடங்குக்குப் பேர் ஃபமதிஹானா. இந்தக் கட்டுரையில அதையும், அந்த நாட்டோட மத்த சமய விழாக்களையும் பார்க்கப் போறோம். "உலகின் டாப் 10 விநோத வழக்கங்கள்" மாதிரி லிஸ்ட் போடுற எண்ணம் இல்லை. வெளியில பார்த்தா ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியற இந்த விழாக்கள் பலவற்றுக்கும் அடியில ஒரே லாஜிக் ஓடுது. அது புரிஞ்சா, பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ராஜாவோட மண்டை ஓட்டை ஏன் பாரிஸ் வரைக்கும் எடுத்துட்டுப் போனாங்க, அதைத் திரும்பக் கேட்டு வாங்கறது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதும் புரியும்.

முதலில் மூன்று வார்த்தைகள்

மலகாசி மொழியிலிருந்து மூணே மூணு வார்த்தை தெரிஞ்சா போதும்.

ரஸானா: மூதாதையர். ஆனா இறந்த எல்லாரும் தானாகவே ரஸானா ஆகிவிடுவதில்லை. முறைப்படி குடும்பக் கல்லறையில் சேர்க்கப்பட்டு, பின்னால் வந்தவர்களால் கவனிக்கப்படுகிறவர்தான் ரஸானா. அதாவது, இது பிறர் உழைப்பால் கிடைக்கும் ஒரு நிலை.

ஹாசினா: கண்ணுக்குத் தெரியாத புனித ஆற்றல். நிலம் விளைவதும், குழந்தை பிறப்பதும், பெரியவர் சொன்ன வாக்கு பலிப்பதும் இதனால்தான் என்பது நம்பிக்கை. இது ரஸானாவிடமிருந்து பெரியவர்களுக்கும், பெரியவர்களிடமிருந்து சின்னவர்களுக்கும் இறங்கி வரும்.

த்ஸுட்ரானு: ஆசீர்வாதம். நேரடி அர்த்தம் பார்த்தா, தண்ணீரை ஊதுவது. பெரியவர் ஒருவர் வாயில் தண்ணீர் வைத்து இளையவர்கள் மேல் தூவுவார், அல்லது கையால் தெளிப்பார். மடகாஸ்கர் விழாக்கள்ல தண்ணீர் எங்கெல்லாம் வருதோ, அங்கெல்லாம் இந்த வார்த்தையை நினைவுல வச்சுக்கோங்க.

இப்போ மூணையும் சேர்த்துப் பாருங்க. ஆசி மேலேயிருந்து கீழே வருது. கவனிப்பு கீழேயிருந்து மேலே போகணும். இந்தச் சுற்று நின்னு போகாமப் பார்த்துக்கற வேலைதான் விழா. நம்ம பாஷையில சொன்னா, இறந்தவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் நடுவுல இருக்கற உறவுக்கு ஒரு பீரியாடிக் மெயின்டனன்ஸ்.

இவர்கள் யார்?

மடகாஸ்கர் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, சுமார் 400 கி.மீ. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கற தீவு. பரப்பளவு ஏறத்தாழ 5,87,000 சதுர கி.மீ., உலகத்துலயே நாலாவது பெரிய தீவு. ஆப்பிரிக்காவுக்கு இவ்வளவு பக்கத்துல இருந்தாலும் மலகாசி மொழி ஆப்பிரிக்கக் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை. அது ஆஸ்திரோனேசிய மொழி. அதன் நெருங்கிய சொந்தம் 7,000 கி.மீ.-க்கு அப்பால், போர்னியோ தீவின் தென்கிழக்கில் பேசப்படும் மாஅன்யன். ஓட்டோ கிறிஸ்டியன் டால் என்ற நார்வே மொழியியலாளர் 1951-இல் வெளியிட்ட ஆய்வில் இதை விரிவாக நிறுவினார்.

அந்த மூதாதையர்கள் கடல் தாண்டி வந்தவர்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களோடும், அரபு வணிகத் தொடர்போடு வந்தவர்களோடும் கலந்தார்கள். இன்று அதிகாரபூர்வமாக 18 இனக்குழுக்கள் என்று கணக்கு. நடுவில் இருக்கும் மேட்டு நிலத்தில் மெரினா, பெட்சிலியோ. (மெரினா என்றதும் பீச் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) மேற்குக் கடற்கரையில் சகலாவா. தென்கிழக்கில் அன்டம்பஹுவாகா. ஃபமதிஹானா முழு நாட்டுக்கும் பொதுவான விழா இல்லை, முக்கியமாக மேட்டு நில மக்களுடையது. இதைத் தெளிவா சொல்லணும், ஏன்னா இணையத்துல "மடகாஸ்கர் மக்கள் பிணத்தோட ஆடுவாங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க.

இறந்தவரை ஒரு முறை புதைத்து, பிறகு எலும்பை எடுத்து மறுபடி சடங்கு செய்யும் வழக்கம் போர்னியோவிலும் சுலவேசியிலும் உண்டு. அதனால இந்த எண்ணத்தோட வேர் கடல் தாண்டி வந்ததாகவே ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.

நாள் குறிப்பது யார்?

எந்த விழாவானாலும் முதல்ல பார்க்கப் போறது ம்பனாண்ட்ரோவை, அதாவது நாள் பார்க்கிறவரை. ஒவ்வொரு நாளுக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வின்டானா உண்டு. விதி, பலன் என்று இதற்குத் தோராயமாகப் பொருள் சொல்லலாம். விழாவின் வின்டானாவும் குடும்பத்தின் வின்டானாவும் மோதக் கூடாது.

பழைய மலகாசி மாதப் பெயர்களைப் பாருங்க: அலஹமாடி, அடாவுரு, அடிஸௌஸா... அரபு மொழி தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். அல்-ஹமல், அல்-தவ்ர், அல்-ஜவ்ஸா. நம்ம மேஷம், ரிஷபம், மிதுனம் என்ற அதே 12 ராசி வரிசைதான், அரபு வழியா அங்க போய்ச் சேர்ந்திருக்கு. தென்கிழக்குக் கரையில் வாழும் அன்டைமுரு மக்கள் அரபு எழுத்தில் மலகாசி மொழியை எழுதி வைத்த சுவடிகள் இன்றும் உண்டு. இந்தச் சோதிட அறிவு மெரினா அரசவைக்குப் போனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு.

இதுல சுவாரசியமானது என்னன்னா, இந்த 12 மாதத்தையும் வீட்டுக்குள்ளயே மேப் பண்ணியிருக்காங்க. பாரம்பரிய மெரினா வீடு செவ்வக வடிவம். நாலு மூலைக்கு நாலு மாதம், ஒவ்வொரு சுவருக்கும் ரெண்டு மாதம். மொத்தம் 12. வருஷத்தின் முதல் மாதமான அலஹமாடி வடகிழக்கு மூலை. அதுதான் மூதாதையர் மூலை, வீட்டிலேயே புனிதமான இடம். காலமும் இடமும் ஒரே வரைபடம். இந்த வடகிழக்கு மூலை கொஞ்ச நேரத்துல மறுபடி வரும்.

ஃபமதிஹானா: படிப்படியாக

இது மழை இல்லாத குளிர்காலத்தில் நடக்கும், பெரும்பாலும் ஜூன், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. ஒரு குடும்பத்துக்கு வருஷா வருஷம் வருவதில்லை. 5 அல்லது 7 வருஷத்துக்கு ஒரு தடவை, பணம் சேர்ந்தால், என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பம் பல சமயம் ஒரு கனவு. இறந்துபோன தாத்தாவோ அம்மாவோ கனவில் வந்து "குளிருது"ன்னு சொல்வாங்க. மேட்டு நிலத்துல ஜூலை மாசக் குளிர் நிஜமான குளிர். துணி நைந்துபோச்சு, மாத்தணும் என்று அர்த்தம். வேறு காரணங்களும் உண்டு. வெளியூரில் தற்காலிகமாகப் புதைக்கப்பட்டவரைச் சொந்தக் கல்லறைக்குக் கொண்டுவரணும், அல்லது புதுக் கல்லறை கட்டி முடிச்சிருக்காங்க. 19-ஆம் நூற்றாண்டில் மெரினா அரசு தீவு முழுக்கப் போர் நடத்தியபோது, தொலைவில் இறந்த வீரர்களின் எலும்பை ஊருக்குக் கொண்டுவருவது இந்தச் சடங்கின் பெரிய நோக்கமாக இருந்தது.

குடும்பம் கூடிப் பேசும். ம்பனாண்ட்ரோ நாள் குறிப்பார். அரசு அலுவலகத்தில் அனுமதி வாங்கணும். வெளியூர், வெளிநாட்டுச் சொந்தங்களுக்குச் செய்தி போகும். வர்றவங்க ஒரு தொகை கொடுப்பாங்க, அதுக்குக் காவுட்ரஸானான்னு பேர். யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு நோட்டுல எழுதி வைப்பாங்க, அவங்க வீட்டு விழாவுக்குத் திருப்பிச் செய்யணுமே. மொய் நோட்டு தெரிஞ்ச நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

விழா நாளில் கொழுப்பு நிறைந்த பன்றிக்கறியோ மாட்டுக்கறியோ போட்டு, சோறு மலையாகக் குவியும். அந்தச் சாப்பாட்டுக்கே வாரி பே மெனாகா என்று பேர், எண்ணெய் மிதக்கும் சோறு. பிறகு வாத்தியக் குழுவோடு ஊர்வலம் கல்லறைக்குப் போகும். பல இடங்களில் முன்னால் தேசியக் கொடி போகும், இறந்தவர்களின் ஃபோட்டோக்களும் போகும்.

கல்லறை பாதி நிலத்துக்குள் இருக்கும் கல் கட்டடம். உள்ளே அடுக்கடுக்காகக் கல் படுக்கைகள். வெளியே எடுக்கும் ஒவ்வொரு உடலையும் பாயில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கொண்டுவருவார்கள். சொந்தக்காரர்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்வார்கள். வாசனைத் தைலம், தேன், ரம், இனிப்பு, காசு எல்லாம் கொடுப்பார்கள். குடும்பச் செய்திகளையும் சொல்வார்கள். கல்யாணம் ஆனது, பேரன் பிறந்தது, யார் பாஸ் பண்ணாங்க என்பது வரை. அழுகை இருக்கும், ஆனா விழாவின் குணம் சந்தோஷம்தான். துக்கம் முதல் அடக்கத்தோடு முடிந்துவிட்டது.

அப்புறம் பழைய துணிக்கு மேலேயே புதுத் துணி சுற்றப்படும். அதன் பெயர் லம்பாமேனா. நேர் அர்த்தம் சிவப்புத் துணி, ஆனா நிஜத்துல சிவப்பாத்தான் இருக்கணும்னு இல்லை. உயர்ந்த வகை, உள்நாட்டுப் பட்டுப்பூச்சியின் நூலில் கையால் நெய்தது. இறுக்கிக் கட்டி, பெயர் எழுதி, தோளில் தூக்கி, கல்லறையைச் சுற்றி ஆட்டம். பல இடங்களில் ஏழு சுற்று. சூரியன் மறையறதுக்குள்ள உள்ளே வைத்து மூடிவிட வேண்டும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள், உடல் கிடந்த பாயின் ஒரு துண்டைக் கிழித்து எடுத்துப் போவதும் உண்டு. மேலேயிருந்து கீழே ஆசி வருதுன்னு சொன்னேனே, அதோட நேரடி உதாரணம் அந்தப் பாய்த் துண்டு.

நினைவா, மறதியா?

"ஓ, இறந்தவங்களை மறக்காம இருக்கறதுக்கான விழா"ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க. கடன் என்பதன் 5,000 ஆண்டு வரலாற்றை எழுதிய மானுடவியலாளர் டேவிட் கிரேபரை நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அவருடைய முதல் களப்பணி மடகாஸ்கர் மேட்டு நிலத்தில், அரிவுனிமாமு என்ற ஊர்ப் பகுதியில் நடந்தது. 1995-இல் ஃபமதிஹானா பற்றி எழுதிய கட்டுரையில் அவர் ஒரு தலைகீழ்க் கேள்வி கேட்கிறார்: இது உண்மையில் மறப்பதற்கான வழியோ?

அவர் சொல்வது இப்படி. ஒவ்வொரு முறையும் இறுக்கிக் கட்டி, தூக்கி, குலுக்கி ஆடும்போது, பழைய எலும்புகள் பொடியாகின்றன. பொடியானவற்றை இன்னொருவரோடு சேர்த்து ஒரே துணியில் சுற்றுவார்கள். இரண்டு பெயர் ஒரு மூட்டையாகும். மூன்று, நான்கு தலைமுறையில் அந்தப் பெயரும் போய்விடும். மிஞ்சுவது "நம்ம ரஸானா" என்ற பொதுப் பெயர் மட்டும். மூதாதையர்கள் காப்பாற்றுகிறவர்கள்தான், ஆனால் தடைகள் போட்டுத் தண்டிக்கிறவர்களும்கூட. மலகாசி மொழியில் அந்தத் தடைகளுக்கு ஃபாடி என்று பேர். எல்லா மூதாதையரும் எப்போதும் தனித்தனியாக நினைவில் இருந்தால் உயிரோடிருப்பவர்களுக்கு மூச்சு முட்டிவிடும்.

எனக்கு இதுதான் இந்தப் பாடத்துல ரொம்பப் பிடிச்ச இடம். அன்போடு கட்டிப்பிடிக்கிற அதே செயல், கொஞ்சம் கொஞ்சமா விடுவிக்கவும் செய்யுது.

ஃபன்ட்ருவானா: ராஜா குளித்த புத்தாண்டு

இப்போ எலும்பிலிருந்து தண்ணீருக்கு வருவோம். மெரினா அரசின் பெருவிழா ஃபன்ட்ருவானா, குளியல் விழா. 1600-ஐ ஒட்டி ஆண்ட ரலம்பு என்ற அரசர் இதை நிறுவியதாக மரபு சொல்கிறது. நாட்டில் மாட்டிறைச்சி சாப்பிடும் பழக்கத்தைத் தொடங்கியவரும் அவரே என்று கதை உண்டு.

விழா அலஹமாடி மாதத்தின் முதல் நாள். நிலவு மாதக் கணக்கு என்பதால் வருஷத்துக்கு சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். முந்தைய இரவு குழந்தைகள் விளக்கேந்தித் தெருவில் போவார்கள். அரண்மனையில், வடகிழக்கு மூலையில் (இதோ வந்துடுச்சு), திரைக்குப் பின்னால் அரசர் குளிப்பார். தனக்குப் புனிதம் உண்டாகட்டும் என்று அறிவித்துவிட்டு வெளியே வந்து, அந்தத் தண்ணீரைக் கூடியிருப்பவர்கள் மேல் தெளிப்பார். மக்கள் அரசருக்கு உடைக்காத முழு வெள்ளி நாணயம் கொடுப்பார்கள். பிறகு பாலும் தேனும் சேர்ந்த சோறு, போன வருஷ விழாவில் அறுத்து ஆண்டு முழுக்கப் பாதுகாத்து வைத்த இறைச்சி. அந்த இறைச்சிக்கு ஜாகா என்று பேர். பழைய வருஷத்தை வாயில் போட்டுப் புது வருஷத்தைத் தொடங்குவது! வீட்டுக்கு வீடும் இதே மாதிரி குளியல், பெரியவர் ஆசி, இறைச்சிப் பங்கீடு.

கவனிச்சீங்களா? வீட்டுத் தாத்தா பேரனுக்குச் செய்யும் த்ஸுட்ரானுவை அரசர் நாட்டுக்கே செய்கிறார். குடும்ப லாஜிக்கை ஸ்கேல்-அப் பண்ணா அரசு. மானுடவியலாளர் மாரிஸ் ப்ளாக் இந்த விழாவை ஆராய்ந்து காட்டியதும் இதைத்தான்: அரசர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சடங்கின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கடைசி அரசி மூன்றாம் ரனவலோனா காலத்தில் விழா அவருடைய பிறந்தநாளான நவம்பர் 22-க்கு மாற்றப்பட்டது. 1896-இல் பிரான்ஸ் தீவைத் தன் குடியேற்ற நாடாக இணைத்துக்கொண்டது. 1897-இல் ஆளுநர் கலியெனி அரசியை நாடு கடத்தினார். ஃபன்ட்ருவானா நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் கொண்டாடச் சொன்ன நாள் ஜூலை 14, பிரான்சின் தேசிய நாள்.

அதோடு விடவில்லை. அதே 1897-இல், அம்புஹிமங்கா என்ற புனித மலையிலிருந்த அரசர்களின் உடல்களைக் கல்லறையிலிருந்து எடுத்துத் தலைநகர் அன்டனனரிவோவுக்கு மாற்றினார்கள். எதுக்கு? அந்த மலையோட புனிதத்தை உடைக்க. நாம மேலே பார்த்த லாஜிக்கை கலியெனி நல்லாவே புரிஞ்சு வச்சிருந்தார். மூதாதையர் உடல் எங்கேயோ, ஆசி அங்கே. ஆசி எங்கேயோ, மக்கள் மனசு அங்கே.

ஆனா கணக்கு முழுசா பலிக்கலை. அம்புஹிமங்காவுக்கு மக்கள் இன்றும் வேண்டிக்கொள்ளப் போகிறார்கள். 2001-இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. அல்ஜீரியாவில் 1917-இல் இறந்த அரசியின் உடல் 1938-இல் தலைநகர் அரண்மனை வளாகத்துக்குத் திரும்பி வந்தது. குழந்தைகளின் விளக்கு ஊர்வலமும் சாகவில்லை. இன்று சுதந்திர நாளான ஜூன் 26-க்கு முந்தைய இரவில், சின்னப் பசங்க மெழுகுவர்த்தி வைத்த காகித விளக்குகளோடு தெருவில் நடக்கிறார்கள். அலஹமாடி புத்தாண்டையும் மார்ச் மாத வாக்கில் கொண்டாடும் குழுக்கள் இருக்கின்றன.

கடற்கரை விழாக்கள்

மேற்கே சகலாவா மக்களிடம் இதே லாஜிக் வேறு உருவத்தில் இருக்கு. மெனாபே பகுதியில், த்ஸிரிபிஹினா ஆற்றங்கரையில் உள்ள பெலோ ஊரில், ஃபிடம்பூஹா என்ற விழா நடக்கும். மரபுப்படி 10 வருஷத்துக்கு ஒரு முறை. இறந்த அரசர்களின் எலும்பு, பல், முடி, நகம் போன்றவற்றைப் பேழைகளில் காத்து வைத்திருப்பார்கள். அவற்றுக்கு டாடி என்று பேர். (நம்ம ஆங்கில டாடி இல்ல, சகலாவா பேச்சில் தாத்தா, பாட்டி, மூதாதையர் என்று பொருள்.) அவற்றை ஊர்வலமாகக் கொண்டுபோய் ஆற்றில் குளிப்பாட்டுவார்கள். மெரினா அரசர் உயிரோடு குளித்தார், சகலாவா அரசர்கள் இறந்த பிறகு குளிக்கிறார்கள். ரெண்டு பக்கமும் தண்ணீர் வழியாத்தான் ஆசி.

இங்கேதான் அந்த மண்டை ஓடு வருது. 1897 ஆகஸ்டில் மெனாபேயின் அம்பிக்கி ஊரைப் பிரெஞ்சுப் படை தாக்கிப் பலரைக் கொன்றது. சகலாவா அரசர் துவேராவும் கொல்லப்பட்டார், தலை வெட்டப்பட்டது. மண்டை ஓடு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அரசரின் எலும்பைக் குளிப்பாட்டித்தான் நாட்டுக்கே ஆசி வாங்க வேண்டும் என்று நம்பும் மக்களுக்கு, அந்தத் தலை ஒரு கண்காட்சிக் கிடங்கில் இருப்பது என்ன வலி என்று யோசித்துப் பாருங்க. அருங்காட்சியகத்துக்கு அது ஒரு மாதிரிப் பொருள். இவர்களுக்கு அது வரவேண்டிய ஆள்.

2025 ஆகஸ்ட் 26 அன்று பாரிஸில் நடந்த நிகழ்ச்சியில், துவேராவுடையது என்று கருதப்படும் மண்டை ஓட்டையும் வேறு இரண்டு சகலாவா மண்டை ஓடுகளையும் பிரான்ஸ் ஒப்படைத்தது. மனித உடல் எச்சங்களைத் திருப்பிக் கொடுக்க 2023-இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் நடந்த முதல் ஒப்படைப்பு அது. தலைநகரில் மரியாதை செலுத்திய பிறகு அவை சாலை வழியாக மெனாபே போய்ச் சேர்ந்தன. 128 வருஷம் கழித்து நடந்த ஒரு வீடு திரும்பல்.

தென்கிழக்கில் மனன்ஜரி ஊரில் அன்டம்பஹுவாகா மக்களின் விழா சம்பாட்ரா. 7 வருஷத்துக்கு ஒரு முறை, மலகாசிக் கணக்கில் "வெள்ளி" என்று பெயர் பெற்ற ஆண்டில் வரும். அந்த ஏழு வருஷத்தில் பிறந்த ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து நடத்தும் விருத்தசேதன விழா இது. சம்பாட்ரா என்றால் ஆசி பெற்றவர், பாக்கியம் பெற்றவர். பெண்கள் கோரைப்புல் கொண்டுவந்து பாய் முடைவார்கள். ஆண்கள் ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் புனித நீர் எடுத்து வருவார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, குலத் தலைவரின் பெரிய வீட்டுக்கு ஊர்வலம் போகும். அறுவையை இப்போது பெரும்பாலும் மருத்துவம் தெரிந்தவர்கள் செய்கிறார்கள். சடங்குதான் விழாவின் மையம்: இந்தப் பிள்ளை இந்தக் குலத்தைச் சேர்ந்தவன், நாளைக்கு இந்தக் கல்லறையில் இடம் உள்ளவன் என்று ஊரறியச் சொல்வது. கடைசியாக 2021-இல் நடந்தது. அடுத்த முறை 2028 என்று வருது கணக்கு.

சர்ச் என்ன சொல்கிறது?

மடகாஸ்கரில் கிறிஸ்தவம் பெரிய சமயம். 1835-இல் முழு பைபிளும் மலகாசி மொழியில் அச்சானது. அதே வருஷம் முதலாம் ரனவலோனா அரசி தன் மக்களுக்குக் கிறிஸ்தவத்தைத் தடை செய்தார், பலர் உயிரிழந்தார்கள். 1869-இல் இரண்டாம் ரனவலோனா தானே ஞானஸ்நானம் பெற்றார், அரசின் பழைய காவல் தாயத்துகள் எரிக்கப்பட்டன. ஒரே வாழ்நாளுக்குள் இரண்டு எதிர்த் திசைகள்.

இன்று கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே எல்லாமே பெரிய விழாக்கள். ஈஸ்டர் திங்களும் பெந்தெகொஸ்தே திங்களும் அரசு விடுமுறை. குடும்பம் குடும்பமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு வெளியே போவார்கள். ஃபமதிஹானா விஷயத்தில் மட்டும் கருத்து பிரிகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பண்பாட்டு மரியாதை என்று பெரும்பாலும் ஏற்கிறது, சில இடங்களில் விழா திருப்பலியோடு தொடங்குகிறது. சுவிசேஷ சபைகள் பலவும் "இறந்தவரிடம் ஆசி கேட்பது தவறு" என்று எதிர்க்கின்றன. ஒரே குடும்பத்தில் அண்ணன் கல்லறையைத் திறக்க நாள் பார்ப்பார், தம்பி வரமாட்டேன் என்பார். கல்லறை ஒன்று என்பதால் இது கருத்து வேறுபாட்டோடு நிற்பதில்லை, யார் குடும்பம் என்ற கேள்வி வரைக்கும் போகும்.

மூன்று கஷ்டமான கேள்விகள்

ஒன்று, செலவு. மாடு, பன்றி, பட்டுத் துணி, வாத்தியம், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சாப்பாடு. மண் வீட்டில் வாழும் குடும்பம் கல்லில் கல்லறை கட்டும். வெளியிலிருந்து பார்த்தால் வீண். அவர்கள் பார்வையில், வீட்டில் இருப்பது கொஞ்ச காலம், கல்லறையில் இருப்பது நிரந்தரம். ஆனாலும் விழாவுக்காகக் கடன்படுவதும், பணம் இல்லாமல் பல வருஷம் தள்ளிப்போடுவதும் நிஜம்.

இரண்டு, நோய். 2017 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை மடகாஸ்கரில் பிளேக் பரவியது. 2,417 பேருக்கு நோய் அல்லது சந்தேகம், 209 மரணம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பெரும்பான்மை நுரையீரல் பிளேக். அது இருமலில் மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும். அந்த நேரத்தில் சுகாதார அமைச்சகம் ஃபமதிஹானா பற்றி எச்சரித்தது. பிளேக்கில் இறந்தவர்களைத் திறக்கக்கூடிய குடும்பக் கல்லறையில் வைக்கக் கூடாது, பெயரற்ற பொது அடக்க இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. மருத்துவ ரீதியாக நியாயம். ஆனா நாம முதல்ல பார்த்த விளக்கத்தை நினைச்சுப் பாருங்க. குடும்பக் கல்லறையில் சேராதவர் ரஸானா ஆவதில்லை. ஒரு தாய்க்கு இந்த விதி சொல்வது, உன் பிள்ளை இரண்டாவது முறையும் இறந்துவிட்டான் என்பதுதான். விதி வேணும். அதைச் சொல்ற டாக்டருக்கு ரஸானா என்ற வார்த்தையோட எடையும் தெரிஞ்சிருக்கணும்.

மூன்று, கல்லறையே இல்லாதவர்கள். 1896 செப்டம்பரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. பிடித்து வந்து விற்கப்பட்டவர்களுக்கு ஊர் இல்லை, ஊர் இல்லாததால் மூதாதையர் கல்லறையும் இல்லை. அவர்களின் வழித்தோன்றல்களைச் சிலர் இன்றும் ஒதுக்குகிறார்கள், திருமண உறவு வைக்கத் தயங்குகிறார்கள். "உங்க கல்லறை எங்கே?" என்ற சாதாரண விசாரிப்பே அங்கே சாதி கேட்பதற்குச் சமமாகிவிடும். கிரேபர் தங்கிய ஊரிலும் இந்தப் பிளவுதான் மையப் பிரச்சினை. எல்லோரையும் சேர்த்துக் கட்டும் அதே துணி, யாரைச் சேர்க்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறது. விழாவைப் புகழும்போது இதை விட்டுவிட்டால் பாடம் முழுமை ஆகாது.

கடைசியாக

கனவில் குளிர்கிறது என்ற தாத்தா, திரைக்குப் பின்னால் குளித்த அரசர், ஆற்றில் குளிக்கும் எலும்புகள், தோளில் ஏறி வரும் பிள்ளை. நாலுமே ஒரே கேள்விக்கான பதில்: நீ யாரோடு சேர்ந்தவன்? மடகாஸ்கரில் அந்தக் கேள்விக்கு மனதுக்குள் பதில் வைத்திருந்தால் போதாது. கையால் சுற்ற வேண்டும், தோளால் தூக்க வேண்டும், தண்ணீர் மேலே பட வேண்டும், நோட்டில் பேர் இருக்க வேண்டும்.

அதனாலதான் ஆட்சியைப் பிடித்தவர்கள் எலும்பைத் தூக்கிட்டுப் போனாங்க. அதனாலதான் 128 வருஷம் ஆனாலும் அதைத் திரும்பக் கேட்டாங்க. அதனாலதான், இந்த வருஷம் கையில் காசு இல்லை என்றாலும், ஒரு மேட்டு நிலக் குடும்பம் அடுத்த ஜூலைக்கு ஒரு லம்பாமேனா வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருக்கும்.